பையன் மறந்தாலும் பாயிண்ட் மறக்காது: ஜோஷுவா லயனல் கோவனின் கதை

ஜங்ஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது தண்டவாளத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கீங்களா? நேரா வந்துகிட்டிருக்கிற பாதை ஓர் இடத்தில் ரெண்டாப் பிரியும். அங்கே கத்தி மாதிரி கூரான ரெண்டு இரும்பு நாக்குகள் இப்படியும் அப்படியும் நகரும். நம்ம ரயில்வேகாரங்க அதை பாயிண்ட்ஸ் என்பார்கள். அமெரிக்காவில் அதற்குப் பேரு ஸ்விட்ச். ரயில் இடது பக்கம் போகணுமா, வலது பக்கம் போகணுமா என்பதை முடிவு செய்வது டிரைவர் இல்லை, அந்த நாக்குகள்தான். அவை சரியா ஒட்டி நிற்கலைன்னா வண்டி தடம் புரளும்.

நிஜ ரயிலில் இதைக் கவனிக்க ஆள் உண்டு, சிக்னல் உண்டு, இன்டர்லாக்கிங் உண்டு. பொம்மை ரயிலில் என்ன உண்டு? எட்டு வயசுப் பையன் ஒருத்தன், ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், நிறைய அவசரம். பாயிண்டை மாத்த அவன் கண்டிப்பா மறந்துடுவான். ரயில் கவிழும். ரெண்டு தடவை கவிழ்ந்தா பொம்மை மறுபடியும் பெட்டிக்குள்ள போயிடும்.

பையன் மறந்தாலும் ரயில் கவிழாத மாதிரி பாயிண்ட் செய்து விற்ற ஒரு கம்பெனி இருந்தது. அதன் பேரு லயனல். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஜோஷுவா லயனல் கோவன். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பொம்மைக் கம்பெனியை நடத்தியவர், கடைசியில் அதைத் தானே விற்றுவிட்டுப் போனவர். ஒரு எஞ்சினியரிங் மாணவர் இவர் வாழ்க்கையை ஏன் படிக்கணும்? படிச்சு முடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

பாதியில் விட்ட படிப்பு

1877 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்போது குடும்பப் பேரு கோஹன். அதை அவர் கோவன் என்று மாற்றிக்கொண்டது 1910இல்தான். வீட்டில் 9 பிள்ளைகள், இவர் எட்டாவது.

சின்ன வயசிலேயே மரத்தில் ஒரு ரயில் எஞ்சின் செதுக்கி, அதற்குள் குட்டி நீராவி எஞ்சினை வைத்து ஓட்டப் பார்த்ததாகவும், அது வெடித்து வீட்டுச் சுவர்க் காகிதம் பாழாப் போனதாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொண்டார். இங்கே ஒரு எச்சரிக்கை. கோவன் நல்ல கதைசொல்லி. தன்னைப் பற்றி அவர் சொன்ன எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்க முடியாது. டார்ச் லைட்டுக்கு மூலமான யோசனை தன்னுடையதுதான் என்றுகூடச் சொல்லிவந்தார். பூந்தொட்டியில் பூவுக்கு வெளிச்சம் காட்ட ஒரு குழாய், அதில் பேட்டரி, பல்பு. அதைத்தான் கான்ராட் ஹூபர்ட் என்பவரிடம் கொடுத்தாராம். எவரெடி பிறந்த கதை அது என்பார். வரலாறு எழுதியவர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் பார்ப்போம். நியூயார்க் சிட்டி காலேஜில் சேர்ந்தார், கொலம்பியாவிலும் சேர்ந்தார், ரெண்டையும் முடிக்கலை. மின்சாரச் சாமான் செய்யும் இடங்களில் வேலை பார்த்தார். 1899இல், போட்டோ எடுக்கும்போது வெளிச்சத்துக்காகக் கொளுத்துகிற ஃப்ளாஷ் பவுடரை பேட்டரியால் பற்றவைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். சூடாகும் ஒரு கம்பி, அதில் பிடிக்கும் நெருப்பு, அவ்வளவுதான். ஆனால் அதே தத்துவம் அமெரிக்கக் கடற்படையின் கண்ணில் பட்டது. கடல் கண்ணிவெடிகளைத் தூண்டும் கருவி செய்து தர 12,000 டாலருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயசு 22.

அந்தப் பணம் கையில் வந்ததும், ஹாரி கிராண்ட் என்பவரோடு சேர்ந்து 1900 செப்டம்பரில் மன்ஹாட்டனில் லயனல் மேனுஃபேக்சரிங் கம்பெனியைத் தொடங்கினார். என்ன செய்யப் போறோம் என்று அப்போது அவர்களுக்கே தெளிவாத் தெரியாது.

காத்து வராத ஃபேன்

முதலில் செய்து பார்த்தவற்றில் ஒன்று குட்டி மின்விசிறி. மோட்டார் நல்லாச் சுத்தியது. ஆனால் எதிரே உட்கார்ந்தவருக்குக் காத்துதான் வரலை. மோட்டார் மிச்சம்.

அந்த மோட்டாரைச் சக்கரம் வைத்த ஒரு மரப் பெட்டிக்கு அடியில் மாட்டினார். வட்டமா ஒரு தண்டவாளம் போட்டு, பேட்டரியிலிருந்து தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுத்து ஓட விட்டார். இது 1901. பேரு எலெக்ட்ரிக் எக்ஸ்பிரஸ். எஞ்சின்கூடக் கிடையாது, தானா ஓடும் ஒரு திறந்த சரக்குப் பெட்டி, அவ்வளவுதான். பொம்மையா விற்கிற எண்ணமும் இல்லை. கார்ட்லாண்ட் தெருவில் ராபர்ட் இங்கர்சால் என்பவர் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சாமானைத் தூக்கிக்கிட்டுச் சுத்தி வந்தால் தெருவில் போகிறவங்க நின்னு பார்ப்பாங்க என்பதுதான் திட்டம்.

நின்னு பார்த்தாங்க. ஆனால் பெட்டிக்குள் இருந்த சாமானை யாரும் கேட்கலை, ஓடுகிற பெட்டியையே விலைக்குக் கேட்டாங்க. கடைக்காரர் இன்னும் வேணும் என்று ஆர்டர் கொடுத்தார். கோவனுக்கு அப்போதுதான் தன் தொழில் எது என்று தெரிந்தது. 1902இல் முதல் கேட்லாக் வந்தது.

நீங்க புராஜெக்ட் செய்கிறபோது ஒரு விஷயத்துக்காகக் கட்டினது வேற விஷயத்துக்கு உதவுவது உண்டு இல்லையா? இவருக்கு அது அடுத்தடுத்து மூணு தடவை நடந்தது. ஃப்ளாஷ் கருவி கண்ணிவெடிக்கு, ஃபேன் மோட்டார் ரயிலுக்கு, கடை விளம்பரம் பொம்மைக்கு.

மூணாவது தண்டவாளம்

ஆரம்பத்தில் லயனல் ரயில் ரெண்டு தண்டவாளத்தில் ஓடியது. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். 1906இல் கோவன் அகலத்தை 2 1/8 அங்குலமா மாற்றி, நடுவில் மூணாவது தண்டவாளம் ஒன்றையும் சேர்த்தார். அந்த அகலத்துக்கு ஸ்டாண்டர்டு கேஜ் என்று பேரு வைத்தார். யாருடைய ஸ்டாண்டர்டு? அவருடையதுதான்!  ஆனால் அந்தப் பேரைக் கேட்ட வாடிக்கையாளருக்கு, மற்ற கம்பெனிகளின் ரயில்தான் ஸ்டாண்டர்டு இல்லாத சரக்கு மாதிரித் தெரிந்தது. சாமர்த்தியம்தான். நேர்மையான்னு கேட்டா, யோசிக்க வேண்டிய விஷயம். போட்டிக் கம்பெனிகளின் ரயில்களை மட்டம் தட்டுவதையும் அவருடைய கேட்லாக்குகள் கூச்சமில்லாமல் செய்தன.

விளம்பரத்தை விடுங்க. அந்த மூணாவது தண்டவாளத்தில் உண்மையான எஞ்சினியரிங் இருக்கு. இங்கே கொஞ்சம் நின்னு பார்க்கலாம். ஒரு பேப்பர் எடுத்துக்குங்க.

ரெண்டு தண்டவாளப் பாதை ஒன்று வரையுங்க. இடது தண்டவாளத்துக்கு பிளஸ், வலதுக்கு மைனஸ் போடுங்க. இப்போ அந்தப் பாதையில் ஒரு பாயிண்ட் வைத்து, பாதை வளைந்து சுற்றி மறுபடியும் அதே பாயிண்டுக்கே வந்து சேருகிற மாதிரி ஒரு லூப் போடுங்க. ரயில் போய்த் திரும்பி வர இதுதான் எளிய வழி. இடது தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து அப்படியே சுத்தி வாங்க. எங்கே வந்து முடியுது? வலது தண்டவாளத்தில்! பிளஸ் மைனஸைத் தொட்டாச்சு. ஷார்ட் சர்க்யூட்.

பாயிண்டின் நடுவிலும் இதே தலைவலிதான். பிரிகிற ரெண்டு பாதைகளில் ஒன்றின் இடது தண்டவாளமும் மற்றதன் வலது தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதை ஃப்ராக் என்பார்கள். பாயிண்ட் நேராக இருக்கும்போது அந்த உலோகத் துண்டு ஒரு பக்கத்துப் போலாரிட்டியில் இருக்கணும், வளைவுக்கு மாத்தினா மறுபக்கத்துப் போலாரிட்டிக்கு மாறணும். மாறலைன்னா ஷார்ட். அதுக்குக் கரண்டே கொடுக்காம விட்டா, சின்ன எஞ்சின் அந்த இடத்தில் கரண்ட் கிடைக்காமல் நின்னுடும்.

மூணு தண்டவாளத்தில் நடுவில் இருப்பதற்கு மட்டும் கரண்ட். ஓரத்து ரெண்டும் பொதுவான ரிட்டர்ன். படத்தை நடுவில் மடிச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். லூப் எப்படிச் சுத்தி வந்தாலும் நடு தண்டவாளம் நடு தண்டவாளத்தையே சேரும், ஓரம் ஓரத்தையே சேரும். ஷார்ட் வராது. ஃப்ராக் எந்தப் போலாரிட்டி என்ற கேள்வியும் எழாது. பாயிண்டில் நடு தண்டவாளம் விட்டுப் போகிற இடைவெளியை எஞ்சின் தாண்ட, அடியில் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு உருளைகள் தள்ளித் தள்ளி வைத்தால் போதும். ஒன்று இடைவெளியில் இருக்கும்போது இன்னொன்று கரண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பார்க்க நிஜ ரயில் மாதிரி இல்லை என்பது உண்மை. நிஜ ரயில் பாதைக்கு நடுவில் ஒரு தண்டவாளம் ஓடுவதை யார் பார்த்தது? அந்தக் குறையைத் தெரிந்தே கோவன் ஏற்றுக்கொண்டார். எலெக்ட்ரிக்கல் தெரியாத அப்பாவும் பையனும் வீட்டுத் தரையில் எப்படிப் பூட்டினாலும் ரயில் ஓடணும். அழகு அதுக்கு அப்புறம்தான்.

சக்கரமே ஸ்விட்ச்

மூணு தண்டவாளத்தில் இன்னொரு வரமும் ஒளிஞ்சிருக்கு. ஓரத்துத் தண்டவாளம் ரெண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. அப்போ அவற்றில் ஒன்றில் சின்னத் துண்டு ஒன்றை மட்டும் மற்றதிலிருந்து இன்சுலேட் பண்ணித் தனியாக்கினால் என்ன ஆகும்? ரயிலுக்கு ஒண்ணும் ஆகாது, மறுபக்கத்துத் தண்டவாளம் ரிட்டர்னைப் பார்த்துக்கும். ஆனால் ரயில் அந்தத் துண்டின் மேல் வந்ததும், உலோகச் சக்கரமும் அச்சும் சேர்ந்து அந்தத் துண்டை எதிர்ப்பக்கத் தண்டவாளத்தோடு இணைத்துவிடும். அதாவது, ரயில் இங்கே வந்துவிட்டது என்று சொல்லும் ஒரு ஸ்விட்ச். தனியா சென்சார் வாங்க வேண்டாம், காசே செலவில்லை. நிஜ ரயில்வேயில் டிராக் சர்க்யூட் என்று படிக்கிறோமே, அதுவும் சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தை இணைப்பதை நம்பித்தான் வேலை செய்யுது.

லயனல் கம்பெனி தன் ரிமோட் பாயிண்டுகளில் இதைத்தான் பயன்படுத்தியது. படிப்படியாப் பார்ப்போம்.

பாயிண்டின் நாக்குகளை நகர்த்த ரெண்டு சோலனாய்டு காயில், நடுவில் ஓர் இரும்புத் தண்டு. ஒரு காயிலுக்குக் கரண்ட் போனா நாக்கு நேர்ப்பாதைக்கு இழுக்கப்படும், இன்னொன்றுக்குப் போனா வளைவுக்கு. ரெண்டு காயிலுக்கும் ஒரு முனையில் கரண்ட் எப்போதும் காத்திருக்கும். மறுமுனையை ரிட்டர்னோடு இணைத்தால் சர்க்யூட் முழுமையாகும். பையன் கையில் இருக்கும் லீவர் அந்த இணைப்பைத்தான் கொடுக்கிறது.

இப்போ பிரியும் ரெண்டு கிளைகளிலும் தலா ஒரு தண்டவாளத் துண்டு இன்சுலேட் செய்யப்பட்டிருக்கு. நேர்க் கிளையின் துண்டு நேர்ப்பாதைக் காயிலோடும், வளைவுக் கிளையின் துண்டு வளைவுக் காயிலோடும் ஒயரால் இணைந்திருக்கு. ரயில் கூர்முனைப் பக்கமிருந்து வந்தால் பிரச்சினை இல்லை, பாயிண்ட் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் போகும். ஆபத்து எங்கேன்னா, கிளையிலிருந்து திரும்பி வரும்போது. வளைவிலிருந்து ரயில் வருது, பாயிண்ட் நேராக நிற்குது, பையன் கவனிக்கலை. எஞ்சினின் முன் சக்கரம் வளைவுக் கிளையின் இன்சுலேட் துண்டைத் தொட்டதும் காயில் ரிட்டர்னோடு சேருது. டக்! நாக்கு மாறுது. ரயில் நிம்மதியாப் போகுது.

லீவரை அழுத்த வேண்டியவன் மறந்துட்டான். அவன் வேலையை ரயிலே செய்துகொண்டது.

இதில் இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. காயிலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருது? தண்டவாளத்திலிருந்தே எடுத்தால், ரயில் மெதுவாப் போகும்போது தண்டவாளத்தில் வோல்டேஜ் குறைவு, காயிலுக்கும் அதே குறைந்த வோல்டேஜ்தான். நாக்கு பாதி தூரம் நகர்ந்து நடுவில் நின்னுடும். ரெண்டு பக்கமும் சேராத நாக்கைவிட மோசமான நிலை பாயிண்டுக்குக் கிடையாது. 1938இல் வந்த 022 என்ற ஓ கேஜ் பாயிண்டில் இதற்கு ஒரு குட்டி பிளக் இருந்தது. அதைச் செருகினா காயில் தண்டவாளத்திலிருந்து பிரிந்து, ட்ரான்ஸ்ஃபார்மரின் மாறாத முழு வோல்டேஜை எடுத்துக்கும். ரயில் நத்தை வேகத்தில் வந்தாலும் பாயிண்ட் முழு பலத்தோடு அடிக்கும்.

இதையெல்லாம் கோவன் தன் கையால் வடிவமைத்தார் என்று சொல்ல வரலை. அவரிடம் நல்ல எஞ்சினியர்கள் இருந்தார்கள். தொழிற்சாலையைக் கட்டி ஆண்டவர் மரியோ கருசோ என்ற இத்தாலியக் குடியேறி. கோவனின் பங்கு வேற. எது ஓடணும், யார் கையில் ஓடணும் என்பதை அவர் மறக்கவிடவில்லை.

மிக்கி மவுஸ் வந்த நேரம்

1920கள் லயனலுக்குப் பொற்காலம். பழைய போட்டியாளரான ஐவ்ஸ் கம்பெனி 1928இல் திவாலானது. லயனல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து அதை வாங்கியது. அதன் பேரைவிட அதனிடம் இருந்த ஒரு காப்புரிமைதான் கோவனுக்கு ருசி. எஞ்சினுக்குக் கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் முன்னே, நிறுத்தம், பின்னே, நிறுத்தம் என்று வரிசையாக மாறும் ஒரு ரிவர்ஸ் கருவி. போட்டிக்காரரின் மூளையை விலைக்கு வாங்க அவர் கூச்சப்படலை.

அப்புறம் பொருளாதார வீழ்ச்சி. சோத்துக்கே வழியில்லாதபோது யார் ரயில் வாங்குவாங்க? 1934இல் லயனல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. அந்த வருஷம் ஒரு டாலர் விலையில் ஒரு தகரப் பொம்மை விட்டார்கள். மிக்கி மவுஸும் மின்னி மவுஸும் எதிரெதிரே நின்று கைப்பிடியை ஏத்தி இறக்கித் தள்ளும் சின்ன வண்டி. முதல் சீசனிலேயே 2,50,000-க்கு மேல் விற்றது. லயனலைக் காப்பாற்றியது மிக்கி மவுஸ்தான் என்று பத்திரிகைகள் எழுதின. கதை நல்லாயிருக்கு, கணக்கு முழுசா அப்படியில்லை. ஒரு டாலர் பொம்மையின் லாபத்தில் அவ்வளவு பெரிய கடன் அடையாது. அதே வருஷம் வந்த யூனியன் பசிபிக் எம்-10000 என்ற புதுவகை ரயிலின் மாடலும் நல்லா ஓடியது. 1935 தொடக்கத்தில் கம்பெனி மறுபடியும் கோவன் கைக்கு வந்தது.

அதே 1935இல் வந்த விசில், உங்களுக்குப் பிடிக்கும். பொத்தானை அழுத்தினா, ஓடிக்கொண்டிருக்கும் ரயில் கூவணும். ஆனால் தண்டவாளத்தில் இருப்பது மோட்டாருக்கான ஏசி மட்டும். தனி ஒயர் போட முடியாது. எப்படிச் செய்தாங்க? பொத்தானை அழுத்தும்போது அதே ஏசியோடு கொஞ்சம் டிசியைக் கலந்து அனுப்பினார்கள். பெட்டிக்குள் இருந்த ரிலே ஏசிக்கு அசையாது, டிசி வந்தால்தான் இழுக்கும். அது விசில் மோட்டாரை ஓட்டும். ஒரே கம்பியில் பவரும் கட்டளையும் சேர்ந்து போகுது. இன்று நாம் பெரிய பெரிய பேரில் படிக்கிற விஷயத்தை 1935இல் பொம்மைக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

ரேடியோ ரயிலும் ரோஸ் ரயிலும்

இரண்டாம் உலகப் போரில் 1942இல் பொம்மை ரயில் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்தது. உலோகம் கிடைக்காத 1943இல் அட்டையை வெட்டிப் பூட்டுகிற காகித ரயில் ஒன்று விற்றார்கள். பூட்டவே முடியாது என்பதுதான் அதன் புகழ்.

போர் முடிந்ததும் வெள்ளம் மாதிரி விற்பனை. 1946இல் புகைவிடும் எஞ்சின் வந்தது. அதே வருஷம் எலெக்ட்ரானிக் செட் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ரிசீவர். ரேடியோ அலைவரிசைச் சிக்னலைத் தண்டவாளம் வழியா அனுப்பி, எந்தப் பெட்டியை வேணுமானாலும் கழற்றிவிடலாம், விசில் ஊதலாம். பிரமாதமான யோசனை, காலத்தை முந்தியது. ஆனால் விலை அதிகம், உள்ளே சிக்கலும் அதிகம். சில வருஷத்தில் கேட்லாக்கை விட்டே போச்சு. அதே காலத்தில், ஒரு தண்டவாளத் துண்டும் ரெண்டு காயிலுமா இருந்த 022 பாயிண்ட் வருஷா வருஷம் விற்றுக்கொண்டே இருந்தது. ரெண்டையும் செய்தது ஒரே கம்பெனிதான். எது நின்னுச்சு, எது போச்சு என்பதைக் கவனிங்க.

1953இல் விற்பனை சுமார் 3.3 கோடி டாலர். உலகிலேயே பெரிய பொம்மைக் கம்பெனி லயனல்தான். கோவனுக்கு அப்போது 76 வயசு. நிர்வாகம் மகன் லாரன்ஸ் கையில்.

அதோடு இறக்கம் ஆரம்பம். வீடுகளில் டிவி வந்தது. அமெரிக்கர்கள் ரயிலை விட்டுக் காருக்கும் விமானத்துக்கும் மாறினார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜ ரயிலைப் பார்க்காத பையனுக்குப் பொம்மை ரயில் மேல் எப்படி ஆசை வரும்? ரயில் ஆர்வலர்களோ ரெண்டு தண்டவாளத்தில் நிஜம் மாதிரி ஓடும் சின்ன எச்ஓ அளவுக்குப் போனார்கள். கோவன் தெரிந்தே ஏற்றுக்கொண்ட அந்த நடு தண்டவாளக் குறை, 50 வருஷம் கழித்து வட்டியோடு வந்து நின்றது. 1957இல் பெண் குழந்தைகளுக்கு என்று ரோஸ் நிற எஞ்சினோடு ஒரு ரயில் விட்டார்கள். கடைகளில் தேங்கியது. நிஜ எஞ்சின் மாதிரியே கறுப்பா வேணும் என்பதுதான் பெண் பிள்ளைகளின் ஆசையும். அவங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

1959இல் கோவன் தன் பங்குகளை விற்றார். வாங்கிய குழுவின் தலைவர் அவருடைய சொந்தக்காரப் பேரனான ராய் கோன், மெக்கார்த்தி விசாரணைகளில் பேர் போன வக்கீல். புது நிர்வாகம் ரயிலைவிட மற்றவற்றில்தான் கவனம் வைத்தது. கோவன் ஃப்ளோரிடாவின் பாம் பீச்சுக்குப் போய்விட்டார். 1965 செப்டம்பர் 8 அன்று, 88ஆவது வயசில் அங்கே இறந்தார். 4 வருஷத்தில் ரயில் தொழிலே ஜெனரல் மில்ஸ் என்ற உணவுப்பொருள் கம்பெனியிடம் போனது. லயனல் என்ற பேரில் ரயில்கள் இன்றும் வருகின்றன.

நீங்க ஒண்ணு கட்டினா

பொம்மை ரயிலும் எஞ்சினியரிங் காலேஜும் தூரம்னு நினைக்காதீங்க. எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பில், மேஜைக்கு அடியில் டெலிஃபோன் ரிலேக்களை வைத்து ஒயரிங் செய்த மாணவர்கள்தான் பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்தார்கள். ஹேக் என்ற சொல் இன்றைய அர்த்தத்துக்கு வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்க கிளப்பில் எக்ஸ்போவுக்காக ஒரு ரயில் லேஅவுட் கட்டுறீங்கன்னு வையுங்க. இன்று ரெண்டு தண்டவாளம்தான் வழக்கம். அதனால், கோவன் தவிர்த்த தலைவலி முழுக்க உங்களுடையது. நாலு விஷயம் கவனிச்சா போதும்.

முதலாவது, பாயிண்டின் நாக்கு தண்டவாளத்தைத் தொடுவதை நம்பி கரண்ட் அனுப்பாதீங்க. தூசி, துரு, பெயின்ட், எது பட்டாலும் தொடர்பு விட்டுடும். மேஜைக்கு அடியில் தடிமனா ஒரு ஜோடி மெயின் ஒயர் ஓடட்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியா மெல்லிய ஒயர் ஏறட்டும்.

ரெண்டாவது, ஃப்ராக்கைச் சுற்றி இன்சுலேட் பண்ணி, பாயிண்ட் மோட்டாரோடு சேர்ந்து அசையும் ஒரு மைக்ரோஸ்விட்ச் வழியா அதுக்குக் கரண்ட் கொடுங்க. நாக்கு எந்தப் பக்கமோ, போலாரிட்டி அந்தப் பக்கம். மனுஷன் ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணுமில்லை.

மூணாவது, சோலனாய்டு காயில் ஒரு நொடிக்குக் குறைவான வேலைக்கானது. பொத்தானை யாராவது அழுத்திக்கிட்டே நின்னா கருகிடும். எக்ஸ்போவுக்கு வரும் குழந்தைகள் கண்டிப்பா அழுத்திக்கிட்டே நிற்பாங்க. அதுக்குக் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் சர்க்யூட் போடுங்க. 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 24 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்தால் சுமார் 1.35 ஜூல் சேரும். பொத்தானைத் தொட்டதும் மொத்தமும் ஒரே அடியாகக் காயிலில் இறங்கும், நாக்கு பலமா மாறும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ரெசிஸ்டர் வழியா வருகிற சொற்பக் கரண்டுதான் போகும். காயில் பிழைக்கும். கெப்பாசிட்டரை மட்டும் 35 வோல்ட் தாங்குவதாப் பார்த்து வாங்குங்க.

நாலாவது, சோதனை. எல்லாரும் ரயிலைக் கூர்முனைப் பக்கமிருந்து வேகமா ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓகே என்பார்கள். நீங்க உங்களிடம் உள்ளதில் சின்ன எஞ்சினை எடுத்து, ரொம்ப மெதுவா, கிளைப் பக்கமிருந்து, பாயிண்டைத் தப்பா வைத்து ஓட்டிப் பாருங்க. அப்போதான் உங்க ஒயரிங்கின் உண்மையான முகம் தெரியும்.

கோவன் மகான் இல்லை. பெருமை பேசினார், போட்டியாளர்களை மட்டம் தட்டினார், காலம் மாறினதைக் கடைசியில் கோட்டை விட்டார். ஆனால் அவர் காலத்துத் தொழிற்சாலையில் செய்த 022 பாயிண்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, ஒயர் மாட்டி ஓட்டுகிறார்கள். வளைவிலிருந்து ரயில் வருது. லீவரில் யார் கையும் இல்லை. டக் என்று நாக்கு மாறுது. செய்தவர்கள் யாரும் இன்று இல்லை, சர்க்யூட் இருக்கு.